எண்ணிக்கையைத் துரத்திய சட்டம்

ஜார்ஜ் ரெனால்ட்ஸ் அமெரிக்காவின் மார்மன் சபைத் தலைவர் பிரிகம் யங்கின் காரியதரிசி. பலதாரமணத் தடைச்சட்டம் மதச் சுதந்திரத்தை மீறுகிறதா என்று உரசிப் பார்க்க ஒரு வழக்கு தேவைப்பட்டது. அதற்கு இவர் முன்வந்தார். முதல் விசாரணையில் அவருடைய இரண்டாம் மனைவி அமேலியா ஸ்கோஃபீல்ட் சாட்சி சொன்னார். அந்தத் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை வந்தபோது, சம்மனோடு வீட்டுக்குப் போன அலுவலருக்கு அவர் அகப்படவில்லை. அவரது பழைய வாக்குமூலத்தையே வாசித்துக் கணவரைத் தண்டித்தார்கள். 1879-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நம்பிக்கையைச் சட்டம் தொடாது, செயலைத் தொடும் என்றார் தலைமை நீதிபதி வெயிட்; அதற்கு அவர் துணைக்கு அழைத்த உதாரணங்களில் ஒன்று, கணவனின் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறுவது. நம்மூர்ச் சிதை யூட்டா பாலைவனத்து வழக்கில் போய் எரிந்தது விசித்திரம்தான். ஆனால் உடன்கட்டையில் கேள்வி ஒரு பெண்ணின் உயிரைப் பற்றியது. ரெனால்ட்ஸ் வழக்கில் கேள்வி, இரண்டாவது திருமணம் நடந்ததா இல்லையா என்பது மட்டுமே. அமேலியா மனமொத்து வந்தாரா, விலக நினைத்தால் வழி இருந்ததா என்பதெல்லாம் வழக்குக்குத் தேவைப்படவில்லை. அடுத்த நூற்றிருபது ஆண்டு அமெரிக்கச் சட்டம் செய்த பிழை இந்த இடத்திலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம்: மனைவியரை எண்ணிக்கொண்டிருந்த சட்டம் அவர்களின் வயதையும் சம்மதத்தையும் சொத்தையும் பார்க்க மறந்தது.

பலதார மணத்துக்கான தெய்வ வெளிப்பாட்டைச் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1843-இல் சொல்லி எழுதவைத்தார். சபை அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1852-இல். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1862-இல் முதல் தடையைக் கொண்டுவந்தது. திருமணத்தை நிரூபிப்பது கடினமாக இருந்ததால், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு சேர்ந்து வாழ்வதையே 1882-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆறு மாதச் சிறை, 300 டாலர் அபராதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் உள்ளே போனார்கள். 1887-ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் சொத்துக்களைப் பறித்ததோடு, யூட்டா பெண்கள் 1870 முதல் வைத்திருந்த வாக்குரிமையையும் பறித்தது. பெண்களை மீட்கப் புறப்பட்ட சட்டம் அவர்கள் கையிலிருந்த வாக்குச்சீட்டைப் பிடுங்கியது! மருத்துவர் மார்த்தா ஹியூஸ் கேனன் ஆங்கஸ் கேனனின் நான்காம் மனைவி. கணவருக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாதென்று கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்கு ஓடியவர். 1896-இல் மாநில செனட் தேர்தலில் அதே கணவரும் வேட்பாளராக இருக்க, அவர் தோற்று இவர் வென்றார். இவர் விதிவிலக்கான பெண், சந்தேகமில்லை. ஆனாலும் ‘பலதார மனைவி’ என்ற ஒரே பெட்டிக்குள் எத்தனை வகைப் பெண்களை அந்தச் சட்டம் அடைத்தது என்பதற்கு இவரே சாட்சி.

சட்டம் வென்றுவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1890-இல் அப்போதைய சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை விட்டுச் சபையைப் பின்வாங்கச் செய்தார். 1896-இல் யூட்டா மாநிலமானபோது பலதாரமணம் என்றென்றைக்கும் தடை என்று அதன் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டிருந்தது. 1904-க்குப் பிறகு சபை மீறியவர்களை விலக்கவும் தொடங்கியது. பெரும்பான்மையினர் மாறினார்கள் என்பது உண்மை. எஞ்சியவர்கள்தான் சிக்கல். 1886-இல் தலைமறைவாக இருந்த சபைத் தலைவர் ஜான் டெய்லர் இந்த வழக்கத்தைத் தொடரும் அதிகாரத்தைச் சிலருக்கு இரகசியமாகக் கொடுத்தார் என்று அந்த வழக்கத்தை விடாத லோரின் வுல்லி பின்னாளில் சொன்ன கதையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அரிசோனா-யூட்டா எல்லையில் ஷார்ட் கிரீக் என்ற ஒதுக்குப்புறத்தில் குடியேறினார்கள். சபையும் கைவிட்டு, அரசும் துரத்தியபின் அவர்களுக்கு மிஞ்சியது தங்கள் மூப்பர்கள் மட்டுமே.

1953 ஜூலை 26 விடிவதற்கு முன், அரிசோனா ஆளுநர் ஹோவர்ட் பைல் அந்த ஊருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்களை அனுப்பினார். செய்தி முன்பே கசிந்திருந்தது. பள்ளி வளாகத்தில் கூடிக் கொடியேற்றி, பாட்டுப் பாடி அவர்களை எதிர்கொண்டது ஊர். அரசு இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துச் சென்றது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வர, நாடு பைல் பக்கம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அதன்பின் அரை நூற்றாண்டு காலம் எந்த அரசியல்வாதியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த மௌனத்தில் வளர்ந்தது எது? ஊரின் வீடுகள் 1942-இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தன. தலைவர் விலக்கிவிட்டால் கூரையும் போகும். யார் யாருக்கு மனைவி என்பதைத் தீர்க்கதரிசி முடிவுசெய்தார். சக மனைவியை அவர்கள் ‘சகோதரி மனைவி’ என்பார்கள். சக்களத்தி என்ற நம் சொல் இதைவிட நேர்மையானது. பலதார மணத்தை ‘என்றென்றைக்கும்’ தடைசெய்த யூட்டா, 14 வயதுச் சிறுமியின் திருமணத்தை 1999 வரை அனுமதித்தது. டெக்சாஸும் 2005 வரை அப்படியே.

பலதாரமணம் தன்னியல்பிலேயே தீங்கு என்பவர்களின் வாதம் வலுவானது. ஒருவருக்குப் பல மனைவியர் என்றால் கணக்குப்படி வேறு பலருக்கு யாரும் இல்லை. அதனால்தான் இளைஞர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள், மணப்பெண்ணின் வயது இறங்கிக்கொண்டே போனது. வெளியேறிவந்த பெண்கள் பலரே இதைச் சொல்கிறார்கள். கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு நிறைவேற, ஊரின் வாசலைப் பூட்டிவைக்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு வலுச் சேர்த்தது வெளியிலிருந்து வந்த வழக்கு பயம். புகார் கொடுக்க நினைக்கும் மனைவி, தானும் குற்றவாளி ஆவோமோ, பிள்ளைகளை இழப்போமோ என்று அஞ்சியபோது அது தலைவருக்கு வசதியாகப் போயிற்று. 2008-இல் டெக்சாஸ் அரசு ஒரு போலித் தொலைபேசி அழைப்பை நம்பி, அங்கிருந்த இதே குழுவின் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கைப்பற்ற, மாநில உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொன்னது. ஷார்ட் கிரீக் மறுபடி அரங்கேறியது. ஆனால் அங்கே கிடைத்த ஆதாரங்களை வைத்து நடந்த வழக்கில் 2011-இல் குழுவின் தீர்க்கதரிசி வாரன் ஜெஃப்ஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குற்றச்சாட்டு சிறுமியர் மீதான பாலியல் வன்கொடுமை. மனைவியர் எத்தனை என்பதல்ல. 2020-இல் யூட்டாவும் இந்தப் பக்கம் நகர்ந்தது. மனமொத்த வயதுவந்தோரின் பலதாரமணம் இப்போது 750 டாலர் வரை அபராதம் விதிக்கத்தக்க விதிமீறல். வற்புறுத்தல், மோசடி போன்றவை இருந்தால்தான் கடுங்குற்றம். சட்டப்படி அங்கீகாரம் ஒரு மனைவிக்கு மட்டுமே. சாசனத்தில் எழுதிய ‘என்றென்றைக்கும்’ என்ற சொல்லை இன்னும் யாரும் அழிக்கவில்லை.