வெளிநாட்டில் கைதானால் தூதரகம் என்ன செய்யும்?

மத்திய கிழக்கிலோ ஐரோப்பாவிலோ பிள்ளை பிடிபட்டுவிட்டால், உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எம்பசி வெளியில எடுத்து விடாதா?" விடாது. ஆனால் செய்யக்கூடியவை வேறு பல உண்டு. அவற்றை நேரத்தோடு கேட்க வேண்டும்.

1963 ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையே இதற்கு அடிப்படை. தூதரகத்துக்கு அறிவிக்குமாறு கேட்கும் உரிமை உண்டு என்பதைக் கைது செய்யும் நாடு கைதானவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 36 ஆவது உறுப்புரை. தூதரக அதிகாரி சிறைக்குச் சென்று அவரைச் சந்திக்கலாம். சட்டத்தரணியை ஒழுங்கு செய்யலாம். அந்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பில் தலையிட முடியாது.

தாமதத்தின் விலையை மூதூர் அறியும். அங்கிருந்து சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற யுவதி 2005 இல் கைதானபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்படும்வரை அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை. மேன்முறையீட்டுக்குத்தான் ஒருவர் கிடைத்தார். 2013 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. முதல் வாக்குமூலத்தின்போதே சட்டத்தரணியும் தகுதியான மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எம்மவர் பலருக்கு இன்னொரு பயமும் உண்டு. அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர், தான் தப்பிவந்த அரசின் தூதரகத்துக்குத் தன் விபரம் போவதை விரும்பமாட்டார். 36 ஆவது உறுப்புரையின்படி, கைதானவர் கேட்டால்தான் அறிவிக்கும் கடமை எழுகிறது. அவர் வெளிப்படையாக மறுத்தால் தூதரகம் அவர் சார்பில் இயங்கக் கூடாது. ஆகவே, ஊரிலுள்ள குடும்பம் அவசரப்பட்டுத் தூதரகத்துக்கு எழுதுவதற்கு முன் அவருடைய சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது.

வேலைக்குப் போனவர் என்றால் தயங்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. கடவுச்சீட்டுப் பிரதி, வேலை ஒப்பந்தம், முகவரின் பெயர், கடைசியாகப் பேசிய திகதி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

இந்தப் பிரதிகளைப் பயணத்துக்கு முன்பே எடுத்து வீட்டில் வைத்திருங்கள். கைதான பிறகு அவை பெரும்பாலும் கைக்குக் கிடைப்பதில்லை.