குருதி எடுக்காமல் ஹார்மோனைப் பின்தொடர்தல்: மாதவிடாய் ஓயும் பருவம் குறித்து

1. ஆய்வுப் பொருள்

மாதவிடாய் அறவே நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே சினைப்பையின் போக்கு மாறிவிடுகிறது. சினைப்பை சுரக்கும் இன்ஹிபின் பி குறைய, பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்கும் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் அது சில மாதங்களில் எகிறும், சில மாதங்களில் சரியும். ஆகவே ஒரு நாள் எடுத்த அளவு, ஊசி குத்தி எடுத்ததே ஆனாலும், எதையும் நிறுவிவிடாது. நெடுநாள் தொடர்ந்து பார்க்க இடம்தரும் முறைகளுக்கே இங்கு மதிப்பு.

2. நாட்குறிப்பு

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் டிரெலோர் 1934-இல் மாணவியரிடம் அட்டைகளைக் கொடுத்து, மாதவிடாய்த் தேதிகளைக் குறிக்கச் சொன்னார். பலர் பல்லாண்டுகள் விடாமல் குறித்தனர். 2,700-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகள் 1967-இல் கட்டுரையாயின. பூப்பெய்தியதை ஒட்டிய ஆண்டுகளிலும் மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளிலுமே சுழற்சி மிகவும் தாறுமாறாகிறது என்பது தெளிவாயிற்று.

மாதவிடாய் ஓயும் பருவத்தை நிலைகளாகப் பிரிக்க இன்று பன்னாட்டு வல்லுநர்கள் பின்பற்றும் ஸ்ட்ரா+10 வகைப்பாடும் தேதியைத்தான் முதலில் கேட்கிறது. 27 நாளில் வந்தது அடுத்த முறை 36 நாளாகிறது என்போம். இப்படி 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் 10 சுழற்சிக்குள் மறுபடியும் நேர்ந்தால், அது தொடக்க நிலை. 60 நாளோ அதற்கு மேலோ வராமல் போனால் பிந்தைய நிலை. கருத்தடை மாத்திரை சாப்பிடுவோருக்கு இக்கணக்கு செல்லாது. மற்றவர்களுக்கு, என் மதிப்பீட்டில், இதை விஞ்சிய கருவி இன்னும் வரவில்லை.

3. சிறுநீர்

நடுவயதுப் பெண்களை நெடுநாள் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வில் ஒரு பிரிவுப் பெண்கள், ஒரு சுழற்சி முழுவதும் அல்லது 50 நாள்வரை, காலையில் கழிக்கும் முதல் சிறுநீரை நாள்தோறும் சேகரித்தனர். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சிதைந்து வெளியேறும் பொருள்கள் அதில் அளக்கப்பட்டன. கருமுட்டை வெளிப்பட்ட மாதம் எது, வெளிப்படாத மாதம் எது என்று இதில் தெரிந்துவிடும்.

கடையில் விற்கும் எஃப்.எஸ்.எச். சிறுநீர்ச் சோதனைப் பட்டையோ, அன்றைய அளவு கூடுதலா இல்லையா என்பதை மட்டுமே காட்டும். அடுத்த வாரமே அது மாறலாம். 45 வயதைக் கடந்தவர்களுக்கு மாதவிடாய் ஓயும் நிலையைக் கண்டறிய எஃப்.எஸ்.எச். சோதனை வேண்டாம் என்று, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2015-இலேயே வழிகாட்டிவிட்டது. அப்புறமும் பட்டை விற்கிறது.

4. வெப்பமும் உமிழ்நீரும்

கருமுட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் உடல்வெப்பத்தைச் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயர்த்தும். விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே அளந்தால் அது பிடிபடும். இரவு வியர்வையால் தூக்கம் கெட்டவரிடம் இந்த நுண்கணக்கு எளிதில் குழம்பும். உமிழ்நீர்ச் சோதனையை நம்பி ஹார்மோன் மருந்தின் அளவை முடிவுசெய்வதற்கில்லை. அதிலுள்ள ஹார்மோன் மிகச் சொற்பம், ஏற்ற இறக்கமோ அதிகம்.

5. எல்லை

தைராய்டு கோளாறும் படபடப்பு, வியர்வை, மாதவிடாய்க் குழப்பம் எல்லாம் தரும். அதற்குக் குருதிச் சோதனைதான் வழி. 12 மாதம் நின்றுபோன பின் மறுபடி உதிரம் பட்டால், எந்தப் பதிவையும் புரட்டிக்கொண்டிராமல் மகளிர் நல மருத்துவரிடம் போக வேண்டும்.