தள்ளுபடிக்காகத் தள்ளிவைத்த ஊர்கள்

கல்லூரி முடித்த பிள்ளைகளோடு வெளிநாட்டுச் சுற்றுலா போகும் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் அவுட்லெட் கிராமம் ஒன்று எப்படியோ இடம்பிடித்துவிடுகிறது. லண்டன் என்றால் பைஸ்டர், பாரிஸ் என்றால் லா வாலே, ஃபுளோரன்ஸ் என்றால் லெச்சோ, நியூயார்க் என்றால் உட்பரி காமன், ஃபூஜி மலை பார்க்கப் போனால் கோதெம்பா. ஏன் என்று கேட்டால் பெரிய பிராண்டு, குறைந்த விலை என்பார்கள். விற்காமல் தேங்கிய சரக்கைக் கம்பெனிக்காரன் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான், நாம் போய் அள்ளிக்கொண்டு வருகிறோம் என்பது பொதுவான நம்பிக்கை. இந்தக் கடைகளின் ஐம்பது, அறுபது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டினால் அந்த விளக்கம் பாதிதான் தேறும். தேங்கிய சரக்கு இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தது உண்மைதான். அதை வளர்த்துவிட்டதோ, நகரத்துக்கு வெகு தொலைவில்தான் இருந்தாக வேண்டும் என்று அதற்கு விதிக்கப்பட்ட கட்டாயம். அந்தத் தொலைவால் கடைக்குப் போவது ஒரு முழு நாள் வேலையானது. முழு நாள் வேலையான பிறகுதான் அது விடுமுறைக்குள் நுழைந்தது.

தொடக்கத்தில் கடை ஆலையைத் தேடி வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் இருந்த துணி ஆலைகளும் செருப்பு ஆலைகளும் தையல் பிசகியவை, சாயம் ஒட்டாதவை, ஆர்டர் போக மீந்தவை ஆகியவற்றைத் தங்கள் தொழிலாளர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தன. பிறகு ஊர்க்காரர்களுக்கும் கதவு திறந்தது. இதில் திருப்புமுனை என்று சொல்லத் தக்கது பென்சில்வேனியாவின் ரெடிங். அந்நகரை ஒட்டியிருந்த பெர்க்‌ஷயர் நிட்டிங் மில்ஸ், பின்னால் தையல் கோடு ஓடும் பெண்கள் காலுறைகளைப் பின்னிப் பெயர் வாங்கிய ஆலை. 1960களில் தையலற்ற காலுறையும் இடுப்புவரை வரும் பேன்டிஹோஸும் பரவ, அதன் பழைய எந்திரங்களுக்கு வேலை குறைந்தது. 1969இல் வி.எஃப். நிறுவனம் ஆலையை வாங்கியது. மறு ஆண்டே உற்பத்திக் கூடத்தின் ஒரு பகுதியைத் தடுத்து அங்கே கடை போட்டது. வியாபாரம் பெருகப் பெருகக் கடை வளர்ந்தது, ஆலை சுருங்கியது. சில ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்தும் பிலடெல்ஃபியாவிலிருந்தும் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கின. ரெடிங் தன்னை உலகின் அவுட்லெட் தலைநகர் என்று சொல்லிக்கொண்டது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து மெட்சிங்கனில் 1924இல் தொடங்கிய ஹூகோ பாஸின் ஆலைக் கடையைச் சுற்றி இதே கதை நடந்தது. இங்கிலாந்தின் ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில் 1825 முதல் செருப்புத் தொழில் செய்துவந்த கிளார்க்ஸின் பழைய ஆலைக் கட்டடங்கள் 1993இல் கிளார்க்ஸ் வில்லேஜ் ஆயின. மூன்று ஊர்களிலும் உற்பத்தி விலகிய இடத்தில் விற்பனை குடியேறியது. அதுவரை தொலைவு யாரும் திட்டமிட்டதல்ல. ஆலை எங்கிருந்ததோ கடையும் அங்கிருந்தது, அவ்வளவே.

தொலைவைத் திட்டமிட வைத்தவர்கள் நகரத்து டிபார்ட்மென்ட் ஸ்டோர்க்காரர்கள். ஒரு சட்டையை முழு விலைக்கு வாங்கி அடுக்கிவைத்திருக்கும் கடைக்காரர், அதே சட்டையை அதே கம்பெனி நாலு தெரு தள்ளிப் பாதி விலைக்குப் போட்டால் சும்மா இருப்பாரா? உங்கள் சரக்கையே எடுக்க மாட்டேன் என்பார். கம்பெனிகளுக்கு அந்த ஸ்டோர்களே முதல் வாடிக்கையாளர்கள் என்பதால், அவற்றுக்கு எட்டாத தூரத்தில்தான் மலிவு விலைக் கடை வைப்பது என்று தொழிலில் ஒரு எழுதா விதி உருவானது. 1985இல் திறந்த உட்பரி காமன் இந்த விதிக்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. மன்ஹாட்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், நெடுஞ்சாலையின் ஓரம், அருகில் ஆலையும் கிடையாது, பெரிய ஊரும் கிடையாது. ஆலையிலிருந்து கழற்றப்பட்ட அவுட்லெட் நேராக நகரத்துக்குள் வந்திருக்கலாம். வரவில்லை, வர விடவுமில்லை. ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போகிறவர் ஒரு சட்டையோடு திரும்ப மாட்டார் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். அத்தனை தூரம் வந்தவருக்கு உட்கார இடம், சாப்பாடு, கழிப்பறை, பார்க்க நாலு காட்சி வேண்டும் என்பதும் தெரியும். கட்டடம் கிராமத்தின் உருவம் எடுத்ததற்கு அழகுணர்ச்சியைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஐரோப்பாவுக்கு வந்தபோது இந்த வியாபாரத்தை யார் இறக்குமதி செய்தார்கள் என்பதே ஒரு சாட்சியம். லிவர்பூலுக்கு அருகே 1995இல் திறந்த செஷர் ஓக்ஸைக் கட்டியது பி.ஏ.ஏ. மெக்ஆர்தர்கிளென் என்ற கூட்டு நிறுவனம். இதில் பி.ஏ.ஏ. என்பது ஹீத்ரோ உள்ளிட்ட பிரிட்டிஷ் விமான நிலையங்களை நடத்திய நிறுவனம். பயணத்தில் இருப்பவர் வீட்டில் இருக்கும்போது வாங்காததை வாங்குவார் என்பதை டியூட்டி ஃப்ரீ கடைகளில் கண்ணால் பார்த்தவர்கள், அந்த அறிவை நெடுஞ்சாலை ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு அமெரிக்கர் ஸ்காட் மால்கினின் வேல்யூ ரீடெய்ல் நிறுவனம் ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே பைஸ்டர் வில்லேஜைத் திறந்தது. நீளமான ஒரே தெரு. இரண்டு பக்கமும் வெளிர் நிறம் பூசிய பலகைச் சுவர் வீடுகள் போன்ற கடைகள். சுண்ணக்கல் கட்டடங்களுக்குப் பெயர்போன அந்த வட்டாரத்தில் இப்படியொரு வீட்டைத் தேடினாலும் கிடைக்காது. அது அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூ இங்கிலாந்தின் கட்டடப் பாணி. ஊர்களின் மையக் கடைத்தெருக்கள் செத்துவிடும் என்று அன்றைய பிரிட்டனில் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அரசும் 1990களின் நடுவில் ஊருக்கு வெளியே வணிகக் கட்டடங்கள் எழுவதை இறுக்கியது. அந்த இறுக்கம் ஏற்கெனவே அனுமதி பெற்றவர்களுக்குப் போட்டியைக் குறைத்துக் கொடுத்தது என்பது வேடிக்கை.

2000ஆம் ஆண்டு முதல் இடத் தேர்வில் ஒளிவுமறைவே இல்லை. லா வாலே வில்லேஜ் பாரிஸ் டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்தில் வந்தது. சாதாரணக் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைச் சட்டம் கட்டுப்படுத்தும் பிரான்ஸில், சுற்றுலாப் பகுதிக்கு உள்ள விலக்கால் அது ஞாயிறும் திறந்திருக்கிறது. ஜப்பானில் கோதெம்பா பிரீமியம் அவுட்லெட்ஸ் எழுந்தது கோதெம்பா ஃபேமிலி லேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்த மனையில். ராட்டினம் சுற்றிய இடத்தில் கைப்பை விற்கிறார்கள், பின்னணிக்கு ஃபூஜி. இத்தாலியில் செர்ராவாலேவுக்கு மிலானிலிருந்தும், லெச்சோவின் தி மாலுக்கு ஃபுளோரன்ஸிலிருந்தும் தனிப் பேருந்துகள் ஓடுகின்றன. பைஸ்டருக்கோ ரயிலே வந்துவிட்டது. 2015 அக்டோபரில் அந்த ஊரின் பழைய டவுன் நிலையம் பைஸ்டர் வில்லேஜ் என்று கடைத்தெருவின் பெயரையே சூடிக்கொண்டு புதிதாகத் திறந்தது. அறிவிப்புகள் சீன மொழியிலும் அரபியிலும் ஒலித்தன. ஒரு ரயில் நிலையம் யாரை எதிர்பார்த்துப் பேசுகிறது என்பதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

இங்கேதான் வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பம் வருகிறது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் டிஸ்னிலேண்டு போதும். அப்பா டிக்கெட் வாங்குவார், எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். இருபத்து மூன்று வயதில் சம்பாதிக்கும் மகளையும் பத்தொன்பது வயது மகனையும் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக இழுத்துப்போக முடியாது. அவர்களை அவரவர் போக்கில் விட்டால் அது குடும்பச் சுற்றுலாவாகவும் இருக்காது. அவுட்லெட் கிராமத்தின் அமைப்பு இந்தச் சிக்கலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. வண்டிகள் வெளியே நின்றுவிடும். தெரு ஒன்றுதான், தொலைந்துபோக வழியில்லை. நடுவில் சாப்பாட்டுக் கடைகள். பத்தரைக்குப் பிரிந்து ஒன்றரைக்குச் சாப்பாட்டு மேசையில் கூடலாம். மகளுக்கு ஓவர்கோட், மகனுக்கு ஷூ, அம்மாவுக்குக் கைப்பை, அப்பாவுக்கு நிழலில் ஒரு பெஞ்சு. கட்டியவர்கள் குடும்ப உளவியல் படித்துவிட்டு இதை வரைந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தொலைவால் நாள் முழுக்க ஆளைத் தங்கவைக்க வேண்டியிருந்தது. ஆளைத் தங்கவைக்கச் செய்த ஏற்பாடுகள், வேறு எந்த இடத்திலும் ஒத்துப்போகாத நான்கு பேருக்கும் பொருந்திப்போயின.

விலை குறைவு என்பதால்தானே போகிறார்கள், இத்தனை சுற்றி வளைப்பது ஏன் என்று கேட்கலாம். விலை இல்லாமல் யாரும் போக மாட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்த விலையோடு ஒப்பிட்டுக் குறைவு? அவுட்லெட்டில் தொங்கும் விலைச்சீட்டில் இரண்டு தொகை இருக்கும்; மேலே அடித்துவிட்ட பெரிய தொகை, கீழே நாம் கொடுக்கப்போகும் சின்னத் தொகை. நகரத்துக் கடையில் ஒருபோதும் வைக்கப்படாமல், அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கப்பட்ட சட்டைக்கு அந்த மேல் தொகை எங்கிருந்து வந்தது? 2014 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கு பேர் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு எழுதிய கடிதம் இதே கேள்வியைத்தான் கேட்டது. இத்தகைய விலைச்சீட்டு வழக்கொன்றில் மைக்கேல் கோர்ஸ் நிறுவனம் 2015இல் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே சுமார் 49 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பியக் கிராமங்களில் போன பருவத்துச் சரக்கின் பங்கு அதிகம் என்று அவற்றை நடத்துவோர் சொல்வதை ஏற்றுக்கொண்டாலும் இன்னொரு உண்மை இடிக்கிறது. தேங்கியதையெல்லாம் அவுட்லெட் தீர்த்துவிடும் என்றால் பர்பரி ஒரே நிதியாண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்திருக்க வேண்டாம். 2018இல் செய்தி வெளியாகி ஊர் சிரித்த பிறகே அந்நிறுவனம் அப்பழக்கத்தை நிறுத்தியது. மீந்த சரக்கும் அவுட்லெட் சரக்கும் ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு பொருள்கள். ஒரே பொருள் இல்லை.

உண்மையிலேயே மீந்த சரக்கு எப்படி விற்கும் என்று பார்க்க வேண்டுமானால் திருப்பூர் காதர்பேட்டைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பின்னலாடை தைக்கும் கம்பெனிகளின் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் செகண்ட்ஸும் ரயில் நிலையத்துக்கு எட்டிய அந்தத் தெருக்களில் குவிகின்றன. கழுத்தில் பிராண்டு லேபிள் கத்தரிக்கப்பட்டிருக்கும். ஒரே அளவில் ஐம்பது கிடைக்கும், அடுத்த அளவு இருக்காது. ஒரு சட்டையில் காஜா பிசகியிருக்கும், இன்னொன்றில் பிரின்ட் நகர்ந்திருக்கும். வியாபாரிகள் மொத்தமாக எடுத்துப்போகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். ரெடிங்கின் தொடக்கக் காலத்தோடு இதற்கு நேரடி உறவு சொல்லலாம். மலிவு ஒன்றே மனிதரைக் கடல் கடக்க வைக்கும் என்றால், உலகத்துக்கே சட்டை தைக்கும் இந்த ஊரின் சந்தைக்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருக்க வேண்டும்.

விலை பற்றிய மறுப்பைவிட, வரி திரும்பக் கிடைப்பது பற்றிய மறுப்பு கனமானது. வெளிநாட்டவர் வாங்கிய பொருளுக்கு விற்பனை வரி திரும்பக் கிடைப்பதே கிராமங்களின் உயிர்நாடி என்பார்கள். பிரிட்டனில் வரி 20 சதவீதம். 600 பவுண்டு கைப்பையில் 100 பவுண்டு வரி. கமிஷன் போக மீதி வந்தாலும் ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் இந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 2022 செப்டம்பரில் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் திரும்பத் தருவதாக அறிவித்தார், அடுத்த மாதமே வந்த ஜெரமி ஹன்ட் அதை ரத்து செய்தார். அப்போது வணிகர்கள் வைத்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். சலுகை நீக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சுற்றுலா வரி. பயணிகள் பாரிஸுக்கும் மிலானுக்கும் போய்விடுவார்கள், ஹோட்டலும் உணவகமும் நாடக அரங்கும் சேர்ந்து அடிவாங்கும் என்றார்கள். தாங்கள் விற்பது துணி மட்டும் இல்லை, ஒரு பயணத்தின் பகுதி என்பதை அவர்களே நிதியமைச்சகத்தின் வாசலில் நின்று வாதாடியிருக்கிறார்கள். வரி திரும்பினால் வருகை கூடும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் லண்டன் ஆக்ஸ்ஃபர்ட் தெருவிலும் அதே சலுகைதான் இருந்தது. அங்கிருந்து ரயிலேறிப் போனதற்கு அது காரணம் ஆகாது.

இணையம் இந்த வாதத்தை ஏற்கெனவே ஒருமுறை சோதித்துவிட்டது. இத்தாலியில் தொடங்கிய யூக்ஸ் 2000ஆம் ஆண்டிலும் பிரிட்டனின் தி அவுட்நெட் 2009இலும் போன பருவத்து டிசைனர் உடைகளைத் தள்ளுபடியில் வீட்டு வாசலுக்கே அனுப்பத் தொடங்கின. மலிவுதான் ஈர்ப்பு என்றால், வண்டிச் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும் இந்த வழி வந்ததும் கிராமங்கள் மங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2024இல் பைஸ்டரும் லா வாலேவும் அடங்கிய வேல்யூ ரீடெய்லில் ஹாமர்சன் என்ற நிறுவனம் வைத்திருந்த பங்கை எல். கேட்டர்டன் வாங்கியது, அது லூயி விட்டானின் தாய் நிறுவனமான எல்.வி.எம்.ஹெச். துணை நிற்கும் முதலீட்டு நிறுவனம். முழு விலையைக் காக்க ஒரு காலத்தில் மலிவுக் கடையைத் தூரத்தில் வைத்த பிராண்டுகளின் தரப்பு, இப்போது அந்தத் தூரத்திலேயே பணம் போடுகிறது. அடுத்த சோதனை 2026 ஜூலையில் தொடங்குகிறது. விற்காத உடையையும் காலணியையும் பெரிய நிறுவனங்கள் அழிக்க ஐரோப்பிய ஒன்றியம் அன்று முதல் தடை விதிக்கிறது. உண்மையாகவே மீந்த சரக்கு முன்னைவிட அதிகமாக வெளியே வரும்போது அதை இந்தப் பலகை வீட்டுத் தெருக்களில் அடுக்குவார்களா, லேபிளைக் கத்தரித்து வேறு சந்தைக்கு அனுப்புவார்களா என்பதில், கிராமங்களின் அலமாரியில் மீந்த சரக்குக்கு எவ்வளவு இடம் என்பது வெளியே வந்துவிடும்.