காற்றில்லாச் செரிமானமும் வெப்பநிலையும்

காற்றில்லாச் செரிமானம் என்பது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைச் சிதைத்து, மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்த எரிவாயுவாக மாற்றும் நிகழ்வு. சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பது இதுவே. எரிவாயு எவ்வளவு விரைவாக, எவ்வளவு சீராகக் கிடைக்கும் என்பதைப் பெரிதும் வெப்பநிலையே முடிவு செய்கிறது.

கழிவிலுள்ள புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவை முதலில் நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளாக உடைகின்றன. அவை கரிம அமிலங்களாகவும், பின் அசிட்டிக் அமிலமாகவும் மாறுகின்றன. கடைசிப் படியில் மீத்தேனாக்கிகள் எரிவாயுவைத் தருகின்றன. இவை மெதுவாகப் பெருகுபவை. வெப்பநிலை மாற்றத்தை எளிதில் தாங்காதவை. கலன் திடீரெனக் குளிர்ந்தால் அமிலம் உண்டாவது தொடரும், அதைத் தின்று தீர்ப்பது தடைப்படும். அமிலம் தேங்கிக் கலன் புளித்துப்போகும், எரிவாயு நின்றுவிடும்.

செரிமானம் மூன்று வெப்ப நிலைகளில் நடைபெறும். 20 பாகை செல்சியசுக்குக் கீழே அது மிக மந்தம். 30 முதல் 40 பாகை வரை மிதவெப்ப நிலை. 35 பாகையை ஒட்டி அது சிறப்பாக நடக்கும். 50 முதல் 60 பாகை வரை உயர்வெப்ப நிலை. இதில் வேகம் கூடும், நோய்க்கிருமிகள் நன்கு அழியும், ஆனால் சூடேற்றச் செலவாகும். கதர் கிராமத் தொழில் ஆணைய வடிவமைப்பில் சாணக் கரைசல் கலனில் தங்கும் காலம் தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளுக்கு 30 நாள், குளிர்ந்த மலைப் பகுதிகளுக்கு 55 நாள்.

திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில், பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளிப் பகுதியில், மார்கழி இரவிலும் குளிர் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். சூடேற்றாமலே மிதவெப்ப நுண்ணுயிரிகள் இயங்க இந்தத் தட்பவெப்பம் ஏற்றது. மீனவக் குப்பங்களில் சேரும் மீன் குடல், செவுள், இறால் தலை ஆகியவை எரிவாயு வளம் மிக்கவை. இறால் ஓட்டிலுள்ள கைட்டின் மட்டும் மெதுவாகவே சிதையும்.

மீன் கழிவில் புரதம் மிகுதி. அது சிதைகையில் அம்மோனியா உண்டாகிறது. ஒரே காரத்தன்மையில், 35 பாகையில் இருப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு அம்மோனியா 55 பாகையில் நச்சு வடிவில் இருக்கும். எனவே இக்கழிவுக்கு மிதவெப்பமே பாதுகாப்பானது. உப்பு நீரும் தடையே. கழிமுகத்துக் கருஞ்சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்களின் வேலை. உப்பு நீரோடு கழிவைக் கரைத்தால் அதே பாக்டீரியாக்கள் கலனுக்குள்ளும் மீத்தேனாக்கிகளோடு போட்டியிடும்.

1984-இல் அறிமுகமான தீனபந்து வகைக் கலன் மண்ணுக்குள் புதைந்திருப்பதால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அதை அதிகம் தாக்குவதில்லை. நிலத்தடி நீர் மேலே நிற்கும் கடற்கரை மணலில் மட்டும் கசிவு புகாமல் கட்ட வேண்டும். மீன் கழிவைச் சாணத்தோடு அளவாகக் கலந்து, நல்ல தண்ணீரில் கரைத்து, நாள்தோறும் ஒரே அளவில் ஊட்டினால் இக்கரையில் கலனுக்குத் தனி வெப்பமூட்டி தேவையில்லை.