கண் காட்டிக்கொடுத்த காய்ச்சல்

சிவகாசி வட்டாரத்தில் மழை குறைவு. அந்த வறட்சியே பட்டாசுத் தொழிலுக்கு வாய்ப்பாயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். இத்தகைய ஊருக்கும் ஈரத்தில் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு வெள்ளம் போதும். விருதுநகருக்கு வடக்கே, அண்டை மாவட்டமான மதுரையில் நடந்ததைப் பாருங்கள்.

1993ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பெருவெள்ளம். அடுத்த ஆண்டு, கண் சிவந்து பார்வை மங்கியவர்கள் பலர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். கண்ணின் உட்பகுதி அழற்சியுற்றிருந்தது. மருத்துவர்கள் எலிக்காய்ச்சலை ஐயுற்று, நோயாளிகளின் இரத்தநீரை உயிருள்ள லெப்டோஸ்பைராக் கிருமிகளுடன் கலந்து சோதித்தனர். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டன! 73 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு 1997இல் வெளியாயிற்று.

1886இல் ஜெர்மானிய மருத்துவர் வைல் இந்நோயை விவரித்தபோது மஞ்சள் காமாலையை முக்கிய அடையாளமாகச் சொன்னார். 1915இல் ஜப்பானியரான இனடாவும் இடோவும் கிருமியைக் கண்டறிந்தனர். எலியின் சிறுநீரகத்தில் அது சுகமாகக் குடியிருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியே நம் காற்புண்ணுக்குள் நுழைகிறது. காமாலையோ பலருக்கு வருவதே இல்லை. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பீளையின்றிச் சிவந்த கண், இவ்வளவுதான். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட இதைவிட வசதியான நோய் உண்டா?

முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் சோதனை நோய் இல்லையென்றே காட்டக்கூடும். ஆகவே ஐயம் வலுத்தால், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் டாக்சிசைக்ளின் மாத்திரையோ, நோய் கடுமையானால் பெனிசிலின் ஊசியோ தொடங்குகின்றனர். கண் அழற்சியோ காய்ச்சல் தணிந்து மாதங்கள் கழித்தும் தோன்றும். அதற்கு ஸ்டீராய்டு மருந்து. உரிய சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது.