வனவியற் கல்வியின் தோற்றம்

மரத்தை வெட்டுதற்குக் கோடரி போதும். எவ்வளவு வெட்டலாம் என அறிதற்கே கல்வி வேண்டும். தெற்காசியாவில் வனவியற் கல்வி தோன்றிய வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

1826இல் பிரித்தானியர் வசமான பர்மாவின் தெனாசரிம் பகுதியில், கப்பல் கட்டும் தேவைக்காகத் தனியார் வணிகர் தேக்கங்காடுகளைப் பெரிதும் அழித்தனர். 1852இல் பெகு கைப்பற்றப்பட்டபோது, அங்கும் அந்நிலை நேராது தடுக்க வேண்டியதாயிற்று. 1856இல் ஜேர்மனியத் தாவரவியலாளரான டீட்ரிச் பிராண்டிஸ் அக்காடுகளின் கண்காணிப்பாளரானார்.

அவர் முதலில் மரங்களை எண்ணினார். யானைமீதமர்ந்து செல்கையில், கண்ட தேக்குகளைச் சுற்றளவின்படி நான்கு வகுப்பாக்கி, வகுப்புக்கொன்றாகக் கையிற் பிடித்த மூங்கிற் கோல்களிற் கத்தியால் வெட்டுக்குறி இட்டார். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர 24 ஆண்டுகள் செல்லும் எனக் கணித்து, முதல் வகுப்பு மரங்களில் 24இல் ஒரு பங்கையே ஆண்டுதோறும் வெட்டலாமென வகுத்தார். முதலைக் காத்து வட்டியை மட்டும் உண்ணும் கணக்கு இது.

வெட்டும் முறையோ அந்நாட்டவருடையது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலின், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெண்மரத்தையும் வைரம் தெரியும்வரை வளையமாக வெட்டி, நின்றபடியே சில ஆண்டுகள் உலரவிட்டுப் பின்னரே வீழ்த்துவர். யானைகள் ஓடைவரை இழுத்துவர, மாரிவெள்ளம் மரத்தைக் கொண்டுசெல்லும். மலைச்சாரலிற் சேனைப்பயிர் செய்த கரேன் மக்களைக் கொண்டு நெற்பயிரிடையே தேக்கு நடுவித்தமையும் குறிப்பிடத்தக்கது. அறுவடைக்குப்பின் அவர்கள் வேறிடம் பெயர, அந்நிலம் தேக்கங்காடாக வளர்ந்தது.

1864இல் பிராண்டிஸ் இந்திய வனத்துறையின் தலைவரானார். கப்பலோடு புகையிரதப் பாதைக்கான சிலிப்பர்க் கட்டைகளும் பெருமளவில் வேண்டப்பட்ட காலம் அது. அவரது முயற்சியால் 1878இல் டெராடூனில் வனப்பள்ளி நிறுவப்பட்டது. எனினும், அங்கு பயின்ற உள்நாட்டவர் கீழ்நிலைப் பதவிகளுக்கே ஆயத்தம் செய்யப்பட்டனர். உயரதிகாரிகள் ஐரோப்பாவிலேயே பயிற்சி பெற்றனர். அதே 1878இல் இயற்றப்பட்ட இந்திய வனச் சட்டம், காட்டை நம்பி வாழ்ந்தோரின் வழக்குரிமைகள் பலவற்றைக் கட்டுப்படுத்தியது.

யானைப்பாகன், மரம்வெட்டி, சேனைப் பயிராளன் ஆகியோரின் அனுபவ அறிவு வனவியலுக்கு உரமாயிற்று. ஆனால் அவர்களுக்கு அதில் உரிய இடம் கிட்டவில்லை. எவ்வளவு வெட்டலாம் என்ற வினாவோடு, எவருக்காக வெட்டுவது என்ற வினாவும் வனவியற் பாடத்தில் இடம்பெறல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.