கோட்டைக்குள் சாமி திரும்பி வந்த வருஷம்



என்னிடம் வரலாறு படித்த மாணவர் ஒருவர், இப்போது ஓசூரில் வேலையில் இருப்பவர், போனில் கேட்டார்: "சார், வேலூர்க் கோட்டைக் கோயில்ல ரொம்ப காலம் சாமியே இல்லையாமே, நிஜமா?" நிஜம்தான். அன்று அவசரத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன். எல்லோருக்குமாக இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விஜயநகரத்துக்கு உட்பட்டு இங்கே ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் பெயர்தான் முதலில் வரும். அவருடைய ஆதரவில் இருந்த மகான் அப்பய்ய தீட்சிதர். நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்தார். அதாவது பொன்னால் நீராட்டினார். தீட்சிதர் அந்தப் பொன்னை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. ஆரணிக்குப் பக்கத்தில் தம் சொந்த ஊரான அடையபலத்தில் காலகண்டேஸ்வரருக்குக் கோயில் கட்டினார். 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இன்றும் இருக்கிறது.

தீட்சிதரைப் பற்றி வழிவழியாக வரும் ஒரு கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கலாம். சுயநினைவு இருக்கும்போது சிவனை நினைப்பது பெரிதல்ல, புத்தி தடுமாறும்போது மனம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என அவருக்குத் தோன்றியதாம். ஊமத்தையைத் தின்றுவிட்டு, "நான் உளறுவதை எல்லாம் எழுதி வையுங்கள்" என்று சீடர்களிடம் சொன்னாராம். மயக்கத்தில் அவர் வாயிலிருந்து வந்தவைதான் ஆத்மார்ப்பண ஸ்துதி என்ற 50 சுலோகங்கள் என்பார்கள். (யாரும் ஊமத்தையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது விஷம்.) நடந்ததோ இல்லையோ, கேள்வி எனக்குப் பிடிக்கும். கும்பிடும் அரைமணி நேரத்தில் நம் மனம் எத்தனை முறை வங்கிக்கும் கடைக்கும் போய்வருகிறது!

கோயில் கதைக்கு வருகிறேன். கோட்டை பீஜப்பூர் சுல்தானிடம் போயிற்று, மராட்டியரிடம் போயிற்று, நவாப்புகளிடம் போயிற்று, கடைசியில் கம்பெனிக்காரரிடம் வந்தது. இந்தக் கைமாற்றங்களில் வழிபாடு நின்றது. கம்பெனி காலத்தில் கோயிலை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். யாளியும் குதிரை வீரர்களும் நிற்கும் அந்தக் கல்யாண மண்டபத்தைச் சுற்றி வெடிமருந்து! 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் எழுந்தபோதும் கோயில் சாமி இல்லாமல்தான் நின்றது. அந்தப் புரட்சிக்கு ஒரு காரணம் என்ன? நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு. உயிரே போனாலும் நெற்றிக் குறியை விட மாட்டோம் என்றார்கள். ஒரு துண்டுத் தோல் அன்று அத்தனை பெரிய விஷயமாக இருந்தது.

தோல் என்றதும் நம் ஊர்ப் பிழைப்பு நினைவுக்கு வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, விஷாரம் எல்லாம் ஆவாரம்பட்டையாலும் சுண்ணாம்புக் குழியாலும் வளர்ந்த ஊர்கள். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இங்கே பதனிட்ட தோல் போயிற்று. அந்தத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டுத் தூக்கியவர்கள் யார்? பெரும்பாலும் நம் சேரிகளிலிருந்து வந்தவர்களும் ஏழை முஸ்லிம்களும்தான். வாடை உடம்போடு ஒட்டியிருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்த வாடையோடு கடவுள் முன் எப்படி நிற்பது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி.

முஸ்லிம் தொழிலாளிக்கு அதில் ஒரு பதில் இருந்தது. பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்று நபிமொழி உண்டு. ஜும்மா பாங்கு கேட்டதும் குழாயடியில் முகம், கை, கால் கழுவி, ஒளு செய்து, முதலாளியோடு ஒரே வரிசையில் நிற்கலாம். நான் ஆம்பூரில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் எல்லோர் தோளும் ஒரே உயரம்.

இந்தப் பக்கம் என்ன இருந்தது? நந்தனார் இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தைப் பாருங்கள். ஆதனூர் நந்தனார் செய்த தொண்டு என்ன? கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார், பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்த தோல் சந்நிதிக்குள் ஒலிக்கும், அவர் மட்டும் வெளியே நிற்பார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது என்று உருகுகிறோம். தில்லையில் அவர் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்ற இடம் எனக்கு இன்றைக்கும் உறுத்தும். நந்தி விலகியது, மனிதர் விலகவில்லையே!

மனிதர் விலக 1939 ஆயிற்று. அந்த வருஷம் ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனார். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லாக் கோயில்களுக்குமாக வந்தது. வேலூர் கோட்டையிலோ அப்போது திறந்துவிடச் சாமியே இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அது வெறும் சின்னம். 1981க்கு முன் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே இருட்டும் வௌவாலும்தான். ஆனாலும் கருவறை வாசலில் கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1981 மார்ச் மாதம் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை ஊர்க்காரர்கள் கோட்டைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிதாக வழிபாடு கூடாது என்பது தொல்லியல் துறையின் விதி. அந்த வாதம் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூட்டம் விதியைப் படித்துவிட்டா வந்தது? அகழிப் பாலம் கொள்ளாத கூட்டம்.

எனக்கு அப்போது வேலை கிடைத்து மூன்று வருஷம். எங்கள் தெருவில் சுண்ணாம்புக் குழியில் 30 வருஷம் நின்ற பெரியவர் ஒருவர் இருந்தார். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். "வாத்தியாரே, கூட வரியா" என்று என்னைக் கூட்டிப் போனார். விடியற்காலையில் பாலாற்று மணலைக் கையில் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். (அன்று ஊற்று தோண்டினால் தண்ணீர் வரும். தண்ணீர் சூழ்ந்தவர் என்று பெயர் வைத்துக்கொண்ட சாமி, வறண்ட பாலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறார் இன்று.) வரிசையில் போகப் போக அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சந்நிதிக்கு முன் வந்ததும் திருநீறு வாங்கக் கையை நீட்டத் தயங்கினார். குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் போட்டதுபோல் அவர் உள்ளங்கையிலும் போட்டார்.

வெளியே வந்து கல்யாண மண்டபத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கல. அவரே இப்பதான வந்திருக்காரு. வந்தியா, நல்லா இருக்கியான்னு மட்டும் கேட்டேன்" என்றார். திருநீற்றில் பாதியை நெற்றியில் இட்டு, மீதியை மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வேலூர் பக்கம் வருபவர்கள் ஒரு பிரதோஷ நாளில் போய்வாருங்கள். மண்டபத் தூண்களை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். வரும்போது எனக்கு ஒரு போன் செய்தால், முழங்கால் ஒத்துழைத்தால் நானும் வருகிறேன்.